ஹோர்ட்டன் சமவெளிச் சுற்று: டிக்கெட் காசு எத்தனை மணி வரை செல்லும்?

ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவின் செங்குத்து மலை விளிம்பான உலக முடிவுக்குப் போய் வெள்ளைப் பனியை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். "காசுக்கு நட்டம்" என்பார்கள். பெரும்பாலும் கோளாறு அவர்கள் புறப்பட்ட நேரத்தில்தான் இருக்கும். இங்கே காசு கொடுத்து வாங்குவது ஒரு காலைப்பொழுதை. ஒன்பது, ஒன்பதரையோடு அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

தெற்கே பெலிஹுல்ஓயா பக்கத்துத் தாழ்நிலம் வெயிலில் சூடாகத் தொடங்கியதும், ஈரக்காற்று மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். சுவரின் உயரம் ஏறக்குறைய 870 மீற்றர். உச்சிக்கு வரும்போது காற்று குளிர்ந்து மூட்டமாகிவிடும். ஏழரைக்குத் துலக்கமாகத் தெரிந்த பள்ளம் பத்து மணிக்கு இல்லாமல் போவது இதனால்தான். நல்ல வெயில் நாளில் மூட்டம் இன்னும் சீக்கிரமே வந்துவிடுவதும் உண்டு.

இனிக் கணக்குப் பாருங்கள். பூங்கா வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர். வளைவும் ஏற்றமுமான பாதை, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். டிக்கெட் வரிசை, பை சோதனை, அதற்குமேல் விளிம்பு வரை நாலு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நடை. நாலே முக்காலுக்கு வேன் கிளம்பினால் சரியாக இருக்கும். "ஆறு மணிக்குப் போகலாம், போதும்" என்று சொல்லும் சாரதியிடம் முதல் நாள் இரவே பேசித் தீர்த்துவிடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே வாடகை பேசுங்கள். ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: கொழும்பிலிருந்து காலை ரயிலில் வந்தால் ஒஹியாவில் இறங்கவே மதியம் ஆகிவிடும். அங்கிருந்து பூங்காவுக்கு இன்னும் 11 கிலோமீற்றர் ஏற்றம். முதல் நாளே வந்து ஒஹியாவிலோ பட்டிப்பொலவிலோ தங்குவதுதான் வழி.

டிக்கெட் விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டவர் கட்டணம் சொற்பம். வெளிநாட்டவர் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் சேரும், வாகனத்துக்குத் தனி. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பலகையில் போட்டிருக்கும் தொகையை மட்டும் எண்ணிக் காசு எடுத்துப் போனால் கவுண்டரில் முழிக்க வேண்டும். இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் கொண்டு போங்கள். தமிழ் பேசுவது அங்கே அத்தாட்சி ஆகாது.

நடை தொடங்கும் ஃபார் இன் என்ற இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக் கழற்றுவார்கள், பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துக் கடதாசிப் பையில் போடச் சொல்வார்கள், லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளில் கட்டிய சாப்பாட்டுக்கு இடமே இல்லை. சிலருக்கு இது எரிச்சல். பொலித்தீனைத் தின்று மரைகள் என்ற பெரிய மான்கள் செத்த இடம் இது. இந்தக் கெடுபிடி இன்னும் கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை. வாகனத் தரிப்பிடத்தில் மரை பக்கத்திலேயே வந்து நிற்கும், பிள்ளைகள் ரொட்டியை நீட்டுவார்கள். நீட்ட விடாதீர்கள். றொட்டியும் சம்பலும் டிபன் பெட்டியில் கொண்டு போனால் சோதனையில் ஒரு நிமிடம்கூட வீணாகாது. கழிவறை இங்கேதான். வழியில் கிடையாது.

சுற்று ஒன்பதரை கிலோமீற்றர், மூன்றிலிருந்து நாலு மணி நேரம். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போங்கள். சின்ன உலக முடிவு, அடுத்துப் பெரியது, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசை அமையும். வலப்பக்கம் போனால் நீர்வீழ்ச்சியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் மூட்டம் ஏறிவிடும். நீர்வீழ்ச்சி எந்த நேரத்திலும் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

பெரிய உலக முடிவை விடச் சின்னதே மேல் என்பது எங்கள் கட்சி. பள்ளம் 300 மீற்றருக்குள்தான், ஆனால் கூட்டம் குறைவு, கல்லில் ஆற அமர உட்காரலாம். பெரியதில் இடத்துக்கு முண்டியடிக்க வேண்டும். அங்கே நின்றால் நேர் கீழே தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவில் வரிசையாகத் தெரியும். முதலில் கூரைகளைக் கண்டுபிடித்துவிட்டுக் கண்ணை மேலே கொண்டுவந்தால்தான் பள்ளத்தின் ஆழம் உறைக்கும். வானம் தெளிந்த நாளில் தெற்கே நீர்த்தேக்கங்கள் மினுங்கும்.

விளிம்பு முழுவதும் கம்பி வேலி இருக்கும் என்று நம்பாதீர்கள். 2015இல் நெதர்லாந்துப் பயணி ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். பின்பக்கமாக ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரம். விரித்துப்போட்ட வெள்ளைச் சேலைபோல அகலமாக விழும், அழகுதான். மழைக்குப் பிறகு பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். இறங்கும் படிகளில் பாசி. இந்தச் சுற்றில் ஆட்கள் வழுக்கி விழுவது அதிகமும் இங்கேதான். குளிக்கத் தடை.

காலுக்குச் சப்பாத்து, உள்ளே தடித்த மேஸ். பாதையில் செம்மண், வேர், உருளும் சரளைக்கல். தேய்ந்த கன்வஸ் சப்பாத்து இறக்கத்தில் காலை வாரிவிடும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் புல்லில் உறைபனி படியும், எட்டரைக்குள் வெயில் சுடும். ஒரு தடித்த ஜாக்கெட்டை விட, கழற்றி இடுப்பில் கட்டக்கூடிய இரண்டு மெல்லிய உடுப்பு நல்லது. குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை போவது உத்தமம். ஜூன் தொட்டுத் தென்மேற்குப் பருவக்காற்று. ஏப்ரல் சீசனில் வாயிலில் நிற்கும் வாகன வரிசையே உங்கள் ஒன்பது மணியைத் தின்றுவிடும்.

வழியில் மஞ்சள் பூ பூத்த முட்புதர் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள். அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த களை, இங்கத்தைப் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது. படம் எடுக்க வேண்டியது மேகக் காட்டுக்குள், பாசி தொங்கும் கோணல் மரங்களை. அவை மூட்டத்தில்தான் நன்றாக விழும். ஆகவே பிந்திப் போனவர்களுக்கும் முழு நட்டம் இல்லை.

சிகரம் ஏறியே தீர வேண்டும் என்பவர்களுக்கு அதே டிக்கெட்டில் இரண்டு உண்டு. 2,357 மீற்றர் தொட்டுபொல கந்தை பட்டிப்பொல வாயில் பக்கம், போகவர இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். 2,388 மீற்றர் கிரிகல்பொத்தை நாட்டின் இரண்டாவது உயரமான மலை. ஒரு வழிக்கே ஏறக்குறைய 7 கிலோமீற்றர், சதுப்பு, தடம் அழியும் இடங்கள். சுற்று நடந்த அதே நாளில் இதையும் சேர்க்காதீர்கள். இதற்கென்று வருகிற நாளில் உலக முடிவை விட்டுவிட்டு, வாயில் திறந்ததும் நேரே தடத்தைப் பிடியுங்கள். கறுக்குமுன் வெளியே வந்தாக வேண்டும்.