சஸ்ஸிகாயாவா, தின்யனெல்லோவா?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் விளையும் உயர்விலைச் சிவப்பு ஒயின்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த இரண்டு பெயர்களும் ஒரே மூச்சில் வந்துவிடும். இரண்டுக்கும் 'சூப்பர் டஸ்கன்' என்ற ஒரே பட்டம்; அரசின் ஒயின் விதிகளுக்கு வெளியே பிறந்து புகழ்பெற்ற டஸ்கனி ஒயின்களுக்கான பெயர் அது. ஒன்று கையிருப்பில் இல்லையென்றால் கடைக்காரர் தயங்காமல் மற்றொன்றை எடுத்து நீட்டுவார். அது எனக்கு உடன்பாடில்லை. இரண்டின் பாட்டில்களையும் ஒரே மேசையில் வைத்து ஊற்றிப் பார்த்தால், இவை எதிரெதிர்த் திசையில் நடந்தவை என்பது முதல் மிடறிலேயே தெரியும்.

பிறப்பில் நெருங்கிய சொந்தம் என்பது உண்மைதான். சஸ்ஸிகாயாவைத் தொடங்கிய மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தாவின் மனைவியும், தின்யனெல்லோவை உருவாக்கிய பியெரோ ஆன்டினோரியின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். இரண்டு ஒயின்களையும் செதுக்கிய நிபுணரும் ஒருவரே: ஜாகோமோ தாகிஸ். உறவு அதோடு சரி. மண், திராட்சை, நோக்கம் எல்லாமே வேறு.

சஸ்ஸிகாயா விளையும் போல்கெரி கடலோரப் பகுதி. மரெம்மா எனப்படும் அந்த நிலப்பரப்பு ஒரு காலத்தில் சதுப்பும் மலேரியாவுமாகக் கிடந்தது. நல்ல ஒயினுக்கு அங்கே இடமில்லை என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பிரான்ஸின் போர்தோ ஒயின்களில் மனதைப் பறிகொடுத்த மாரியோ, போர்தோவின் கிராவ் பகுதியைப் போலவே தன் நிலமும் கல் நிறைந்திருப்பதைக் கவனித்து, 1940களில் போர்தோவின் புகழ்பெற்ற சிவப்புத் திராட்சை ரகமான காபர்னே சாவிஞோன் கொடிகளை நட்டார். 'சஸ்ஸோ' என்றால் இத்தாலிய மொழியில் கல். ஒயினின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது குடும்பத்துக்குள் மட்டுமே புழங்கியது. தொடக்கத்தில் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாதாள அறையில் கிடந்த பழைய பாட்டில்களைத் திறந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. விற்பனைக்கு வந்த முதல் விளைச்சல் 1968. பத்தே ஆண்டுகளில், 1978இல் லண்டனில் நடந்த ஒரு சுவைத்தேர்வில் பல நாட்டு காபர்னே ஒயின்களை முந்தி முதலிடம் பிடித்தது. இன்று அந்த ஒரே பண்ணைக்கென்றே தனி இடப்பெயர்ச் சான்றிதழ் இருக்கிறது. காபர்னே சாவிஞோன் 85 சதவீதம், அதன் உறவு ரகமான காபர்னே பிராங்க் 15 சதவீதம், சிறிய ஓக் பீப்பாய்களில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் என்பது அதன் கணக்கு.

தின்யனெல்லோவின் கதை ஊர்க்கட்டுப்பாட்டை மீறிய கதை. அது விளைவது ஃபுளோரன்ஸுக்குத் தெற்கே, பெயர்பெற்ற ஒயின் பகுதியான கியாந்தி கிளாசிகோவின் குன்றுகளில். அன்றைய சட்டப்படி கியாந்தி என்ற பெயர் வேண்டுமென்றால் சிவப்புத் திராட்சையோடு வெள்ளைத் திராட்சையையும் கட்டாயம் சேர்த்தாக வேண்டும். ஒயின் நீர்த்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். 1971 விளைச்சலில் ஆன்டினோரி அந்தப் பெயரையே உதறினார். மிகக் கீழான தரமாகிய 'மேசை ஒயின்' என்ற முத்திரையோடு தன் ஒயினை விற்றார். 1975இல் வெள்ளைத் திராட்சை அடியோடு நீங்கியது. 1982 முதல் கலவை மாறவில்லை: டஸ்கனியின் சொந்தச் சிவப்புத் திராட்சையான சான்ஜியோவேஸே 80 சதவீதம், காபர்னே சாவிஞோன் 15, காபர்னே பிராங்க் 5. பல ஆண்டுகள் கழித்துச் சட்டம்தான் இறங்கி வந்தது. 2006 விளைச்சலிலிருந்து கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கே தடை. நான் இந்த ஒயினை மதிப்பதற்கு இந்த ஒரு செயலே போதும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். மறுநடவுக்காக நிலத்தைத் தோண்டியபோது வெளிவந்த வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகளை உடைத்து, கொடிகளின் அடியிலேயே பரப்பியிருக்கிறார்கள். வெயில் அந்தக் கல்லில் பட்டுத் திரும்பிக் குலைகளை அடிப்புறமிருந்தும் பழுக்க வைக்கிறது. சான்ஜியோவேஸே தாமதமாகப் பழுக்கும் ரகம் என்பதால் அந்த வெளிச்சத்துக்கு மதிப்பு அதிகம்.

கோப்பையில் சஸ்ஸிகாயா அடர்ந்த நிறம். பிளாக்கரண்ட் போன்ற கருநிறப் பழங்கள், தேவதாரு மரம், கடலோரப் புதர்களின் மூலிகை வாசம். இளமையில் வாய் திறக்காது. துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்கும். பத்து ஆண்டுகளாவது பொறுக்க முடியாதவர்கள் அதை வாங்குவது வீண் செலவு. தின்யனெல்லோவின் விளிம்பில் மாதுளைச் சிவப்பு மின்னும். புளிப்புச் செர்ரியும் பதப்படுத்திய தோலின் வாசமும் முன்னே வரும். காபர்னே பின்னால் நின்று முதுகெலும்பு கொடுக்கும். அந்தப் புளிப்புதான் சாப்பாட்டு மேசையில் அதை வெல்ல வைக்கிறது. கரி நெருப்பில் வாட்டிய ஃபுளோரன்ஸ் மாட்டிறைச்சியின் கொழுப்பை அது வெட்டிச் சாய்ப்பதுபோல் சஸ்ஸிகாயா செய்யாது.

என் வாக்கு தின்யனெல்லோவுக்கே. சஸ்ஸிகாயா மகத்தான ஒயின், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மனம் பாதி போர்தோவில் இருக்கிறது. தின்யனெல்லோவில் டஸ்கனியின் சொந்தத் திராட்சை தலைநிமிர்ந்து நிற்கிறது. விலையும் பெரும்பாலான சந்தைகளில் கணிசமாகக் குறைவு. குழந்தை பிறந்த ஆண்டின் விளைச்சலை வாங்கி அதன் திருமணத்துக்குத் திறக்க நினைப்பவர்கள் மட்டும் சஸ்ஸிகாயா பக்கம் போகலாம். 2016 போன்ற நல்ல ஆண்டு அமைந்தால் இன்னும் நல்லது. இரண்டுமே எட்டாத விலை என்றால், சஸ்ஸிகாயா பண்ணையின் இன்னொரு ஒயினான குயிதால்பெர்தோவைத் தேடிப் பாருங்கள். மெர்லோ என்ற மென்மையான திராட்சை கணிசமாகக் கலந்தது, சீக்கிரமே பக்குவமாகிவிடும்.