நீல அச்சில் ஒரு வேதியியல் பாடம்: அல்சூர் பயிலரங்கு

பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு மாடிக்கூடத்தில், வெயிலைக் கொண்டு தாளில் நீல நிறப் படம் பதிக்கும் சயனோடைப் முறையைப் பற்றி நடந்த மூன்று மணி நேரப் பயிலரங்குக்கு, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளையும் என் அம்மாவையும் அழைத்துச் சென்றிருந்தேன். கலை வழியே அறிவியல் என்று சொல்லும் வகுப்புகள் பலவற்றில் பிள்ளைகள் செல்லையோ அணுவையோ வரைந்து வண்ணம் தீட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. இங்கே அந்த நிறம் உண்டாகும் விதமே பாடமாக இருந்தது.

ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசல்களையும் மங்கிய வெளிச்சத்தில் சம அளவு கலந்து, தடித்த தாளில் பூசி, நிழலில் உலர்த்தினார்கள். அதன்மேல் பெரணி இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடியில் வைத்தோம். வெயில் பட்ட இடங்களில் புற ஊதாக் கதிர் ஃபெர்ரிக் என்ற இரும்பு வடிவத்தை ஃபெர்ரஸ் என்ற இன்னொரு வடிவமாக மாற்ற, அது ஃபெர்ரிசயனைடுடன் சேர்ந்து பிரஷ்யன் நீலம் என்ற, தண்ணீரில் கரையாத நிறமியாகிறது. இலை மறைத்த இடத்தில் மாறாமல் நின்ற உப்புகள் கழுவும்போது தண்ணீரில் கரைந்துபோக, அங்கே தாளின் வெண்மை தெரிகிறது. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த இந்த முறையைக் கொண்டு, மறு ஆண்டிலேயே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளின் உருவங்களைப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார் என்பதையும் ஆசிரியர் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் ஒரு பாதியில் சன்ஸ்கிரீனைத் தடவி, அதைப் பூச்சுத் தாளின்மேல் போட்டு வெயிலில் வைத்தார்கள். கழுவியபின் தடவிய பாதி வெளிறியும் மறுபாதி கருநீலமாகவும் இருந்தன. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கதிர் தடுக்கப்பட்டதை மகள் தன் கையாலேயே பதிவு செய்துவிட்டாள்; பாடப்புத்தகத்தில் அவள் இரண்டு முறை படித்தும் மனத்தில் நிற்காத செய்தி அது. "இது துணிக்குப் போடுகிற நீலமா?" என்று அம்மா கேட்டபோது, அந்தக் காலத்துச் சலவை நீலங்கள் சிலவற்றில் இதே நிறமி இருந்ததென்று ஆசிரியர் விளக்கினார். வேதியியல் படித்திராத அம்மா அதன்பிறகு கேள்வி கேட்பதை நிறுத்தவே இல்லை.

குறைகளும் உண்டு. கடைசி அரை மணி நேரம் மண்சட்டியில் அணுவின் படம் வரையச் சொன்னது வெறும் அலங்காரம். அந்த நேரத்தில் இன்னொரு அச்சு எடுத்திருக்கலாம். கையுறை கொடுத்தார்களே தவிர, ஃபெர்ரிசயனைடை வலிமையான அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வரும் என்ற எச்சரிக்கையை யாரும் சொல்லவில்லை. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நாங்கள் போன நாளில் மேகம் சூழ்ந்திருந்ததால் பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போவது நல்லது. தடித்த இலைகள் கண்ணாடிக்கடியில் தூக்கி நின்று ஓரம் மங்கிப்போவதால், முதல் நாளே புத்தகத்துக்குள் வைத்து அழுத்திய மெல்லிய இலைகளைக் கொண்டுசெல்லுங்கள்.