உப்புத்தண்ணீர் டேங்குக்கு எந்த மீடியா: கல்லா, கண்ணாடியா, பந்தா?

சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகளில் போய் பாக்டீரியா மீடியா, அதாவது டேங்கைச் சுத்தமாக வைக்கும் பாக்டீரியா ஒட்டி வளரும் பொருள் கேட்டால், நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். ஒரு லிட்டர் மீடியாவுக்கு இத்தனை சதுர மீட்டர் பரப்பு என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். நம் ஊர் டேங்கில் பாக்டீரியாவுக்கு இடப் பஞ்சம் வருவதே அபூர்வம். ஆக்சிஜன் பஞ்சம்தான் வரும்.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு, 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத வீவக அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் 29, 30 டிகிரியில் நிற்கும். சூடு கூடினாலும் உப்பு கூடினாலும் கரையும் ஆக்சிஜன் குறையும். நீரோட்டம் உள்ளே போகாத மீடியாவில் எத்தனை நுண்துளை இருந்து என்ன பயன்?

இதை நான் செராமிக் ரிங்கில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஈசூனில் இருந்தபோது 3 அடி டேங்க், கீழே கேனிஸ்டர் என்கிற மூடிய பில்டர் டப்பா நிறைய ரிங். எட்டு மாதம் திறக்கவே இல்லை. ஒரு ராத்திரி பம்ப் நின்றுவிட்டது. காலையில் அதை மறுபடி ஓடவிட்டதும் மூடிக் கிடந்த தண்ணீர் முழுவதும் டேங்குக்குள் வந்தது. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. கேனிஸ்டரைத் திறந்தால் ரிங்குகள் மேல் கருஞ்சாம்பல் சேறு, அழுகிய முட்டை நாற்றம். ஒரு மீனைத்தான் காப்பாற்ற முடிந்தது. ரிங் மோசம் என்று சொல்லமாட்டேன். மூடிய டப்பாவுக்குள் அழுக்கோடு அடைத்து வைத்ததுதான் மோசம்.

பயோ பால் என்கிற பிளாஸ்டிக் பந்துகள் நேர் எதிர். தண்ணீர் காற்றோடு கலந்து சொட்டுவதால் ஆக்சிஜன் தாராளம், அம்மோனியா வேகமாக மாறும். ஆனால் நைட்ரேட்டோடு வேலை நின்றுவிடும். பந்துகளுக்கு இடையே தங்கும் அழுக்கும் நைட்ரேட்டைக் கூட்டும். மீன் மட்டும் வளர்ப்பவர் சமாளிக்கலாம், பவளம் வளர்ப்பவருக்கு வேண்டாம்.

லைவ் ராக், அதாவது பாக்டீரியா உயிரோடு குடியிருக்கும் கடல் கல் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை மறைக்கப்போவதில்லை. கல்லின் மேற்பரப்பில் நைட்ரேட் உண்டாகிறது. ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகிறது. இரண்டு வேலையும் ஒரே கல்லில்! கல்லைச் சுற்றியிருக்கும் ஈரச் செய்தித்தாளைப் பிரிக்கும்போது கடற்கரை வாசம் அடித்தால் நல்ல கல். அழுகல் வாடை வந்தால் வாங்காதீர்கள். ஊதாப் பாசிக்கு நடுவே பழுப்பு நிறத்தில் சின்னக் கண்ணாடிப் பூ மாதிரி ஏதாவது விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஐப்டேசியா என்கிற கடல் சாமந்தி, ஒன்று உள்ளே வந்தால் டேங்க் முழுக்கப் பரவும். இன்னொன்று, சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவிலிருந்து கல் எடுப்பது சட்டப்படி குற்றம்.

அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ட்ரை ராக், அதாவது உயிர் எதுவும் இல்லாத காய்ந்த கல். பூச்சி புழு வராது, விலையும் குறைவு. ஆனால் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கணும். சில கற்கள் பாஸ்பேட்டையும் கசியவிடும், அதனால் ஊறவைத்துக் கழுவிப் போடுவது நல்லது. இரண்டு கிலோ லைவ் ராக்கைக் கூடவே போட்டால் பாக்டீரியா சீக்கிரம் பரவும்.

கண்ணாடித் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்த, துளைத்துளையாக இருக்கும் சின்டர்ட் கிளாஸை இந்த வரிசையில் துணை ஆளாகத்தான் வைப்பேன். டேங்குக்குக் கீழே இருக்கும் சம்ப் தொட்டியில், அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான பில்டர் சாக்ஸைத் தாண்டி, அழுக்கு இல்லாத ஓட்டத்தில் ஒரு வலைப்பை போதும். லயன் பிஷ் மாதிரி நிறையத் தின்னும் மீன் இருந்தால் இரண்டு பை வையுங்கள். ஒரு ஜோடி கோமாளி மீனும் நாலு பவளமும் மட்டும் என்றால் கல்லே போதும், கண்ணாடிக்குச் செலவு வேண்டாம்.

எதை வைத்தாலும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். பியுபி (பொதுப் பயனீட்டுக் கழகம்) தரும் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமின் இருக்கிறது, பாக்டீரியா செத்துவிடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய டேங்க் தண்ணீரிலேயே அலசுங்கள். இப்போது பயோ பால் ஓடிக்கொண்டிருக்கிற டேங்கைக் கல்லுக்கு மாற்ற நினைத்தால், கல்லை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசிப் பந்தாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் மறுநாள் அம்மோனியா டெஸ்ட் பாருங்கள். நிறம் மாறி அம்மோனியா இருப்பதைக் காட்டினால் அடுத்த கால்வாசியைத் தள்ளிப்போடுங்கள்.