சின்ன கேம்பர் டிரெய்லர்: தூங்கி எழுந்து பார்த்த பிறகு

ரெண்டு பேர் படுக்கிற அளவில் சின்ன கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற படுக்கை வண்டி) ஒன்று வாங்கி, போன வாரம்தான் முதல்முறையாக ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்டு வந்தோம். வாங்குவதற்கு முன் நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் நின்ற வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, மெத்தையை அமுக்கிப் பார்த்து எழுதியவை. உள்ளே தூங்கி எழுந்து எழுதியதாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி உறுதி, இழுப்பது சுலபம். தண்ணீர்த் தொட்டியை வைத்த இடமும் அந்த ஃபிரிட்ஜும்தான் எங்கள் ராத்திரியைக் கெடுத்தன. கொஞ்சம் நானும் கெடுத்தேன்.

காலி எடை 620 கிலோ, ஏற்றிய பிறகு அதிகபட்சம் 750 கிலோ என்று கையேட்டில் இருக்கிறது. 130 கிலோ மிச்சம் இருக்கிறதே, ரெண்டு பேருக்கு அதைவிட என்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால்தான் சங்கதி தெரிகிறது. தொட்டி 40 லிட்டர், நிரப்பினால் 40 கிலோ. காஸ் சிலிண்டர் நிறைந்த நிலையில் 11. பேட்டரி 26, அது காலி எடையில் சேராதாம், விற்கும்போது யாரும் வாய் திறக்கவில்லை. பக்கவாட்டில் கட்டுகிற கூடாரத் துணியும் குழாய்களும் 12. 89 போய்விட்டதா? மீதி 41 கிலோவுக்குள் படுக்கை, பாத்திரம், நாற்காலி, துணிமணி, கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். நாங்கள் அடக்கினோம், ஆனால் எடையை மட்டும்தான் பார்த்தோம், அது எங்கே உட்காருகிறது என்று பார்க்கவில்லை.

தொட்டி அச்சுக்குப் பின்னால், வண்டியின் வால் பக்கம் இருக்கிறது. அதை நிரப்பி, அதற்கு மேலேயே நாற்காலிகளையும் கருவிப்பெட்டியையும் அடுக்கிவிட்டுக் கிளம்பினோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், இறக்கம், ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் காரின் பின்பக்கத்தையே பிடித்து இழுக்கிற மாதிரி. வயிற்றில் புளியைக் கரைத்தது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொண்டேன். எங்கோ படித்தது அந்த நேரம் ஞாபகம் வந்ததே பெரிய விஷயம். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

ஓரமாக நிறுத்தி முக்கால் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, நாற்காலியையும் பெட்டியையும் காருக்குள் மாற்றினோம். அதற்குப் பிறகு அதே வேகத்தில் போனபோது ஆட்டம் வரவில்லை. வீடு திரும்பியதும் பழையபடியே எல்லாவற்றையும் ஏற்றி, குளியலறைத் தராசை ஹிட்ச் முனைக்கு, அதாவது டிரெய்லர் காரோடு மாட்டிக்கொள்கிற முன்முனைக்கு, கீழே வைத்து, நடுவில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அளந்து பார்த்தேன். 38 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, கார் தாங்கும் அளவையும் அது தாண்டக் கூடாது. பின்பக்கம் பாரம் கூடினால் இந்த அழுத்தம் குறைந்து வால் ஆடும். அந்தக் கணக்கின் குறைந்தபட்சத்திலேயே நாங்கள் பாதியில்தான் இருந்திருக்கிறோம். தொட்டியை அச்சுக்கு மேலே வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. வரைபடம் போட்டவர் அதை ஒருமுறை நிரப்பி ஓட்டிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றபடி இழுக்க நன்றாகவே இருக்கிறது. ஏற்றத்தில் கார் திணறவில்லை, பின்கண்ணாடி வழியாகப் பின்னால் வருகிறவர்களும் தெரிகிறார்கள். 60 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கினேன். புது வண்டியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், எங்களுக்கு ஒரு நட்டு கால் சுற்று உள்ளே போனது. அப்படியே டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் ரெண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த ரெண்டு வருடம். புது டிரெய்லர் என்று வாங்கினோம், டயருக்கு வயது மூன்று.

ரிவர்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சின்னது என்பதால் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். நீளமான டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், இது கண்ணை மூடித் திறப்பதற்குள் மடங்கிக் காரோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் குழப்பம் குறையும். எனக்கு நாலாவது முயற்சியிலும் வரவில்லை. கடைசியில் கழற்றிவிட்டு ரெண்டு பேரும் கையால் தள்ளியே இடத்தில் நிறுத்தினோம். சமதரையில் அப்படித் தள்ள முடிவது இதன் பெரிய பலம் என்று எழுதிவைக்கிறேன், என் திறமைக்குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுத்தின பிறகு நான் செய்த கோமாளித்தனம் ஒன்று. நாலு மூலையிலும் சுற்றி இறக்குகிற கால்கள் இருக்கின்றன. தரை ஒரு பக்கம் சரிவாக இருந்ததால் அந்தப் பக்கத்து ரெண்டு கால்களையும் சுற்றோ சுற்று என்று சுற்றி வண்டியைத் தூக்கிவிட்டேன். மட்டம் கச்சிதமாக வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் கதவு சட்டத்தில் இடித்து நிற்கிறது! அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கால்கள் வண்டியைத் தூக்குவதற்கு இல்லை, உள்ளே நடக்கும்போது ஆடாமல் இருக்க மட்டும்தான். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து இடவலம் சரிசெய்ய வேண்டும், மறு சக்கரம் உருளாமல் தடுப்புக்கட்டை வைக்க வேண்டும், அப்புறம் முன்னாலுள்ள சின்னச் சக்கரத்தை ஏற்றி இறக்கி முன்பின் சரிசெய்ய வேண்டும், கால்கள் கடைசியில். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது விற்ற கடை. எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள், அதில் பாதி கையெழுத்துக்கே போய்விட்டது.

சரி, ராத்திரிக்கு வருவோம்.

படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். 'டுர்ர்' என்று ஒரு சத்தம், அரை வினாடிதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "ஏங்க, அது என்ன சத்தம்? அடியில ஏதாவது பூந்துடுச்சா?" என்றாள் என் மனைவி. டார்ச்சை எடுத்து, குனிந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றினேன். குழாய் வந்து சேருகிற இடத்தில் கிளிப் தளர்ந்து ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்ததும் அடுத்த துளி சாவகாசமாகத் திரண்டது. இப்படிச் சொட்டிச் சொட்டிக் குழாயில் அழுத்தம் குறைகிறபோதெல்லாம் பம்ப் தானாக ஓடி அதை ஈடுகட்டுகிறது. பகலில் காதில் விழாது. பலகையின் அடிப்பக்கம் ஏற்கெனவே ஊறி உப்பியிருந்தது. பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை இறுக்கினேன். சொட்டு நின்றது.

இரண்டு மணிக்கு வேறு சத்தம். பேட்டரி குறைந்துவிட்டது என்று பீப். விளக்கு மங்கிவிட்டது, மீட்டர் 11.8 வோல்ட் காட்டுகிறது. காரணம் ஃபிரிட்ஜ். இது காஸ், 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடுகிற அப்சார்ப்ஷன் வகை. வெப்பத்தால் குளிரூட்டுகிற இயந்திரம் என்பதால் 12 வோல்ட்டில் விட்டால் 10 ஆம்பியர் அளவுக்கு விடாமல் உறிஞ்சும். வந்து இறங்கியதும் காஸுக்கு மாற்ற மறந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். ஆனால் 100 ஆம்பியர்-ஹவர் (10 ஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி பத்து மணி நேரம்) லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்த முடியும், அது ஐந்து மணி நேரத்துக்குக்கூடக் கஷ்டம். கார் எஞ்சின் நின்றதும் தானாகக் காஸுக்கு மாறுகிற வசதி இல்லை. ஃபிரிட்ஜின் திருகு குமிழில் இருக்கும் மூன்று படங்களில் எது காஸ், எது பேட்டரி என்று டார்ச் அடித்துப் பார்த்தாலும் புரியாது. இத்தனைக்கும் உள்ளே இருந்த பால் குளிரவே இல்லை. இந்த வகை ஃபிரிட்ஜுக்கு மட்டம் முக்கியம், சாய்ந்திருந்தால் உள்ளே திரவம் சரியாகச் சுழலாது. கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டுவிடவும் வேண்டும், குளிர அத்தனை நேரம் எடுக்கும். வாங்கப் போகிறவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரெஸரில் ஓடுகிற ஃபிரிட்ஜ் வைத்த மாடல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மூன்று மணிக்கு மழை. சும்மா சொல்லக் கூடாது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தலைக்கு ஓரடி மேலே தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தோம். அந்த அரை மணி நேரத்துக்காகவே வாங்கலாம் என்று அப்போது தோன்றியது. விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் வியர்த்து வழிகிறது, மழைத்தண்ணீர் இல்லை, நாங்கள் விட்ட மூச்சு. குளிர் என்று கூரை ஜன்னல் உட்பட எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தியிருந்தோம். மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் ஈரம், பிளைவுட்டில் அப்படியே வைத்தால் காற்று எங்கே போகும்? கூரை ஜன்னலை ரெண்டு விரல் அகலம் திறந்துவைப்பதும், மெத்தைக்கு அடியில் வலை மாதிரியான விரிப்பு போடுவதும் அவசியம். தரையிலுள்ள காற்றுத்துளையைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைக்காதீர்கள். காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், வெளியேற அந்தத் துளைதான் வழி. காஸ் சரியாக எரியாதபோது வரும் விஷவாயுவைக் கண்டு கத்துகிற கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வண்டியோடு வரவில்லை, நாங்களே தனியாக வாங்கி மாட்டினோம்.

படுக்கை ரெண்டு பேருக்குப் போதும், ஆனால் சுவர்ப்பக்கம் படுக்கிறவர் எழ வேண்டுமானால் மற்றவர் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். அது நான்தான். பின்கதவைத் தூக்கினால் வருகிற சமையல் மேடை அருமை, நின்றபடியே சமைக்கலாம், கதவே கூரையாகிவிடுகிறது.

ஈரப்பலகையை மாற்றித்தர விற்ற கடை ஒப்புக்கொண்டிருக்கிறது. தொட்டியை இடம் மாற்ற முடியாதாம், கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். பத்து லிட்டருக்கு மேல் நிரப்பப் போவதில்லை, சுவர்ப்பக்கம் இந்த முறை அவள்.