ட்ரெட்மில் வாங்கற ஐடியா இருக்கா? நாலு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணி தெரிஞ்சிக்கிட்டது

ட்ரெட்மில்னு போனாலே எல்லாரும் மோட்டார் எத்தனை ஹெச்பின்னு தான் கேக்கறாங்க, கடைல இருக்கறவரும் அதத்தான் பெருசா சொல்றாரு. எங்க வீட்ல 2021ல வாங்குன மெஷின் இன்னிக்கும் தினமும் ஓடிட்டு இருக்கு, அத வச்சு சொல்றேன், ஹெச்பி அப்புறம் தான். அதுல யார் நடக்கப் போறாங்க, வீட்ல எங்க வைக்கப் போறீங்க, ரிப்பேர்னா யார் வந்து பாப்பாங்க, இந்த மூணுக்கும் பதில் இல்லாம காசு எடுக்காதீங்க.

நாங்க இருக்கறது பழைய வண்ணாரப்பேட்டை, முதல் மாடி. நான், வீட்டுக்காரர், அத்தை மூணு பேரும் நடக்கறோம். வீட்டுக்காரர் ஹார்பர்ல ஷிப்ட் வேலை, 90 கிலோ. அத்தைக்கு சுகர், தினமும் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ராயபுரம் பக்கம் வீடு இருந்தா ராபின்சன் பார்க் போயிடலாம் (1949ல திமுகவோட முதல் பொதுக்கூட்டம் நடந்த அதே பார்க் தான்), காலைல நல்லா இருக்கும், பைசா செலவில்ல, அங்க போக முடியறவங்களுக்கு நான் ட்ரெட்மில் வாங்கவே சொல்ல மாட்டேன். ஆனா எங்க தெருவுல இருந்து அத்தைய கூட்டிட்டு வெளிய வந்தா பிளாட்பாரம் பூரா கடையும் பைக்கும், ரோட்ல இறங்கி நடக்கணும்னா கன்டெய்னர் லாரி உரசிட்டு போவுது, முழங்கால் வலியோட இருக்கற வயசானவங்களுக்கு அது சரிப்படாது. மழைக்காலம் வந்தா அதுவும் இல்ல.

சரி ஹெச்பிக்கு வரேன். ஸ்டிக்கர்ல 4 ஹெச்பி 5 ஹெச்பின்னு போட்டிருக்கறது பீக், அதாவது கொஞ்ச நேரம் மட்டும் அதிகபட்சமா இழுக்கறது. நிக்காம ஓடறப்ப எவ்ளோ தரும்ங்கறது தான் கன்டினியூவஸ் ஹெச்பி, அதத்தான் கேட்டு வாங்கணும். ஒரு ஹெச்பினா 746 வாட்ஸ். நம்ம வீட்ல இருக்கற சின்ன 6 ஆம்ப்ஸ் பாயின்ட் 230 வோல்ட்ல மொத்தமா 1380 வாட்ஸ் தான் தாங்கும், அதாவது ரெண்டு ஹெச்பி கூட முழுசா இல்ல. அப்ப சின்ன ப்ளக்கோட வர மெஷின்ல 4 ஹெச்பின்னு போட்டிருந்தா அது எந்த கணக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க. நடக்க மட்டும்னா கன்டினியூவஸ் ஒன்றரைல இருந்து ரெண்டு ஹெச்பி போதும், ஓடறவங்க இருந்தா ரெண்டரை மூணுன்னு போகலாம். எங்களோடது ரெண்டு, 16 ஆம்ப்ஸ் ப்ளக், ஏசி பாயின்ட் மாதிரி தனி லைன் இழுத்து எம்சிபி (லோடு அதிகமானா தானா கரன்ட்ட கட் பண்ற ஸ்விட்ச்) போட்டு எர்த் செக் பண்ணி தான் மாட்டினோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டவே மாட்டாதீங்க, இன்வெர்ட்டர் லைன்லயும் வேணாம்.

ஹெச்பிய விட நாம நடக்கற பெல்ட்டோட அளவு ரொம்ப முக்கியம், இத யாருமே கேக்கறதில்ல. 40 செ.மீ. அகலம் நடக்க ஓகே, ஆனா வயசானவங்க நேரா நடக்க மாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் சாஞ்சுடுவாங்க, அப்ப பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக்ல கால் படும். அதனால 42, 45ன்னு கிடைச்சா அத எடுங்க. நீளம் நடக்க 120 செ.மீ., உயரமானவர் ஓடணும்னா 140. கடைலயே செருப்ப கழட்டிட்டு ஷூ போட்டு பத்து நிமிஷம் நடந்து பாருங்க, வெக்கப்படாதீங்க, கொடுக்கறது நம்ம காசு. வெயிட் லிமிட்னு போட்டிருக்கறதுல 20 கிலோ கம்மியா கணக்கு வச்சுக்கோங்க. வீட்டுக்காரருக்காக 110 கிலோ தாங்கறதா பாத்து எடுத்தோம்.

இப்ப வீடு. நம்ம ஏரியா பழைய வீட்டு மாடிப்படி உங்களுக்கே தெரியும், ஒரு ஆள் இறங்கறப்ப இன்னொரு ஆள் ஏற முடியாது, நடுவுல ஒரு திருப்பம் வேற. பாக்ஸோட வெயிட்டு 60 கிலோ மேல இருக்கும், நீளமா வேற இருக்கும். டெலிவரி பசங்க கீழ வச்சுட்டு கிளம்பிடுவாங்க, மேல ஏத்த தனி காசு. அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே பாக்ஸ் அளவு கேட்டு படியையும் வாசலையும் டேப்ல அளந்து பாருங்க. மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கின பழைய கூரை) வீடுன்னா தலைக்கு மேல இடம் தாராளமா இருக்கும், ஆனா பரண் கீழயோ மொட்டை மாடி ஷீட் ரூம்லயோ வைக்கறதுன்னா தலை இடிக்கும். நிக்கற பலகையே தரைல இருந்து அரை அடிக்கு மேல இருக்கும், அதோட வீட்லயே உயரமான ஆளோட உயரத்த கூட்டி, அதுக்கு மேல இன்னொரு அரை அடி வேணும். ஃபேனுக்கு நேர் கீழ வைக்காதீங்க. பின்னாடி செவுரு ஒட்டி வைக்கறத நிறைய வீட்ல பாக்கறேன், அது ரொம்ப டேஞ்சர், வழுக்கினா பெல்ட் பின்னாடி தள்ளி செவுத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல ஆள மாட்டிவிட்டுடும். ஆறடி காலியா விடுங்க.

கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. மோட்டாரும், அத கன்ட்ரோல் பண்ற எலக்ட்ரானிக் போர்டும் முன்னாடி மூடிக்குள்ள தரைல இருந்து சில இஞ்ச் உயரத்துல தான் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்ப எங்க பக்கம் எத்தனை வீட்ல தண்ணி ஏறுச்சுன்னு தெரியும்ல, கணுக்கால் தண்ணி போதும் மெஷின் காலி. பலகை போட்டு உயரத்துல வைக்கலாம்னா நடக்கறப்ப ஆடும், அதனால அவங்களுக்கு மடிச்சு கட்டில் மேல தூக்கி வைக்கற மாதிரி வெயிட் கம்மியான வாக்கிங் பேட் (நடக்க மட்டும்னு வர தட்டையான சின்ன ட்ரெட்மில்) தான் நல்லது. ஆனா அதுல பாதிக்கு பிடிமானமே கிடையாது, வயசானவங்களுக்கு வேணாம்.

பராமரிப்பு தான் இந்த விஷயத்தோட உயிரு, கொஞ்சம் பொறுமையா படிங்க. பெல்ட்டுக்கு அடியில ஒரு பலகை இருக்கு, நாம நடக்கறப்ப நம்ம வெயிட்டோட பெல்ட் அது மேல தேச்சுட்டே போவும். அங்க சிலிக்கான் ஆயில் காஞ்சு போச்சுன்னா உராய்வு ஏறும், மோட்டார் அதிகமா கரன்ட் இழுக்கும், சூடாகும், கடைசில போவறது போர்டு. மெஷின ஆஃப் பண்ணி ப்ளக்க கழட்டிட்டு, பெல்ட் ஓரத்த லேசா தூக்கி உள்ள கைய விட்டு நடுவுல தடவிப் பாருங்க, வழவழன்னு விரல்ல பிசுக்கு ஒட்டணும். வறண்டு இருந்தா ஆயில் விடணும். நாங்க மூணு பேர் நடக்கறதால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ விடறோம். சிலிக்கான் ஆயில் மட்டும் தான், தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் ஆயில் எல்லாம் விட்டா பெல்ட் ஊறி வீணா போயிடும். நிறைய ஊத்தினா பெல்ட் வழுக்கும், அதுவும் தப்பு.

கூடவே நம்ம ஊரு கடல் காத்து. ஜன்னல் ஓரம் வச்சிருந்தா போல்ட் எல்லாம் ஒரே மழைக்காலத்துல பழுப்பு புடிச்சுடும், கீழ மடிக்கற இடத்துல இருக்கற போல்ட்ட பாருங்க, முதல்ல துரு அங்க தான் வரும். லேசா கிரீஸ் தடவி விட்டா நிக்கும். லாரி புழுதி வேற. முன் மூடிய கழட்டினா உள்ள மாவு மாதிரி கருப்பு தூசி படிஞ்சிருக்கும், போர்டு மேலயும் ஒட்டியிருக்கும், காஞ்ச பிரஷ்ல தட்டி எடுக்கணும், ஈரத்துணி கூடாது. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்குச்சுன்னா மெக்கானிக்க கூப்பிட வேணாம், பின்னாடி ரெண்டு பக்கமும் போல்ட் இருக்கும், மெஷின மெதுவா ஓட விட்டு, பெல்ட் எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்க போல்ட்ட எல் கீ வச்சு வலப்பக்கமா கால் சுத்து மட்டும் திருப்புங்க, ஒரு நிமிஷம் ஓட விட்டு பாத்துட்டு தேவைன்னா இன்னொரு கால் சுத்து.

எங்க மெஷின்ல மூணாவது வருஷம் போர்டு போச்சு. கோடைல சாயங்காலம் தெருவே ஏசி போடற நேரம், லோ வோல்டேஜ்ல திணறி நின்னுது. வாரன்ட்டி கார்டுல மோட்டாருக்கு பல வருஷம்னு பெரிய எழுத்துல இருக்கு, போர்டுக்கு ஒரே ஒரு வருஷம்னு சின்ன எழுத்துல. வித்தவங்களுக்கு போன் மேல போன், ஒரு மாசத்துக்கு மேல இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன் தான், கடைசில மூலக்கொத்தளம் பக்கம் இருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து 9,000 ரூபாய்க்கு போர்டு மாத்திக் கொடுத்தாரு, ஸ்டெபிலைசரும் அவர் சொல்லி தான் போட்டோம், அப்புறம் பிரச்சனையே இல்ல. அதனால வாங்கறப்பவே போர்டுக்கு எத்தனை வருஷம், பார்ட்ஸ் சென்னைல ஸ்டாக் இருக்கா, வண்ணாரப்பேட்டை தண்டையார்பேட்டை பக்கம் ஆள் அனுப்புவீங்களான்னு கேட்டு பில்லுலயே எழுதி வாங்குங்க.

கரன்ட் பில்லு பயப்பட வேணாம். நடக்கறப்ப 500 வாட்ஸ் இழுக்குதுன்னு வச்சாலும் அரை மணி நேரத்துக்கு கால் யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு ஒரு ஆளுக்கு 15 யூனிட் தான்.

அத்தை முதல் நாள் ஏறினப்ப "இன்னாமா இது, கால வைக்க சொல்லோவே இழுக்குது"ன்னு இறங்கிட்டாங்க. ஓடற பெல்ட் மேல நேரா கால வைக்கக்கூடாது, ரெண்டு பக்க பட்டைல நின்னு, ஸ்டார்ட் பண்ணி, மெதுவா ஊர ஆரம்பிச்ச அப்புறம் தான் இறங்கி நடக்கணும். ஒரு வாரம் கம்பிய புடிச்சுட்டு மணிக்கு 2 கி.மீ., இப்ப 3.5ல கைய வீசி நடக்கறாங்க. ஹாஸ்பிடல்ல ட்ரெட்மில்ல நடக்க விட்டு இதயத்த பாக்கற டிஎம்டி டெஸ்ட் எடுக்கறாங்களே, அதுல பரவலா இருக்கற புரூஸ் முறைல முதல் கட்டமே மணிக்கு 2.7 கி.மீ. வேகம் தான், ஆனா 10 சதவீதம் ஏத்தத்துல. அதனால வீட்ல ஏத்தம் வச்சு நடக்கறப்ப வேகம் கம்மியா இருக்கேன்னு நெனச்சு கூட்டாதீங்க, இதயத்துக்கு அது நல்ல வேலை தான். நெஞ்சு பிரச்சனை, மூச்சு வாங்கறது எதாவது இருந்தா டாக்டர கேக்காம ஆரம்பிக்கவே கூடாது. சுகர் இருக்கறவங்க வெறுங்கால்ல ஏறவே கூடாது, கால் மரத்திருந்தா தேச்சு புண்ணாகறது கூட தெரியாது, அத்தைக்கு நடந்து முடிச்சதும் பாதத்த நான் பாத்துடுவேன். சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கால் மணி நேரம் நடக்கறாங்க, மூணு மாச சராசரி சுகர் குறைஞ்சிருக்கு, மாத்திரையும் சோறு குறைச்சதும் சேந்து தான். வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு எங்க வீட்ல மூணு பேருக்கும் வந்துடுது. ஸ்க்ரீன்ல காட்டற கலோரிய மட்டும் நம்பி பஜ்ஜி சாப்பிடாதீங்க.

குழந்தைங்க இருக்கற வீடுன்னா சிவப்பு சேஃப்டி கீய (அத எடுத்துட்டா மெஷின் ஓடாது) கழட்டி பீரோல வைங்க. 2021ல அமெரிக்காவுல பெலோட்டன் ட்ரெட் பிளஸ்னு ஒரு மாடல், குழந்தைங்க அடியில மாட்டி, ஒரு குழந்தை இறந்தே போச்சு, அப்புறம் மொத்தமா திரும்ப வாங்கினாங்க. எவ்ளோ விலை கொடுத்து வாங்கினாலும் பெல்ட்டுக்கு அடியில கை போனா ஒண்ணு தான்.

செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, தாராளமா எடுக்கலாம், பாதி பேர் வாங்கி துணி காயப் போட்டு தான் விக்கறாங்க. பெல்ட் ஓரத்த தூக்கி பலகை நடுவுல தேஞ்சு பள்ளம் இருக்கான்னு தடவிப் பாருங்க, அடில துரு பாருங்க, வீட்லயே வெயிட்டான ஆள கூட்டிட்டு போய் ஏத்தி இருபது நிமிஷம் நடக்க விடுங்க. கால வைக்கறப்ப பெல்ட் தடுக்கி தடுக்கி போனாலோ, மோட்டார் பக்கம் தீஞ்ச வாசனை வந்தாலோ, விலை எவ்ளோ இறங்கினாலும் விட்டுட்டு வந்துடுங்க.