ஏபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கலாமா? ட்ராக்கில் பிரேக் பேலன்ஸுக்கு நான்கு வழிகள்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக, சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய ட்ராக்குக்குச் சுமார் 150 கி.மீ. கடலூரிலிருந்து கிளம்பினால் இன்னும் இருபது, இருபத்தைந்து கூடும். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் காலையில் ஓட்டிப் போய், பகலெல்லாம் ட்ராக்கில் சுற்றி, அதே வண்டியில் இரவு வீடு திரும்புகிறார்கள். ட்ராக்குக்காகப் பிரேக்கில் கைவைக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். திண்டிவனம் பைபாஸில் குறுக்கே மாடு வந்தாலும் அதே பிரேக்தான் பிடிக்க வேண்டும்.

பிரேக் பேலன்ஸுக்கு, அதாவது முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைச் சரியாகப் பிரிக்க, வழிகள் நான்கு. ஏபிஎஸ்ஸை (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு) அப்படியே விட்டுவிட்டு பேட், பிரேக் ஆயில், டயரைக் கவனிப்பது. அதன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, மிதிக்கும் காலின் பழக்கத்தை நம்புவது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் திருகும் வால்வு அல்லது பேலன்ஸ் பார் வைத்து முன்பின் அழுத்தத்தைக் கையால் பிரிப்பது. ரேஸுக்கென்றே செய்த ஏபிஎஸ் வாங்கிப் பொருத்துவது. ரோட்டில் ஓடும் காருக்கு முதல் வழிதான் சரி. இரண்டாவதை யாரும் செய்யக் கூடாது. காரணம் புரிய, பிரேக் போடும்போது எடை எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ உள்ள ஒரு ஹேட்ச்பேக். வீல்பேஸ் (முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2.45 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ட்ராக்கில் 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு) அளவுக்கு வேகத்தைக் குறைத்து நிறுத்தினால் சுமார் 184 கிலோ முன்னே போய்விடும். பின் சக்கரங்கள் இரண்டிலும் சேர்ந்து மிஞ்சுவது 216 கிலோ. நல்ல ஒட்டும் டயர் போட்டு 1.1 ஜி எட்டினால் பின்னால் 176 தான். மழையில் 0.5 ஜிக்கு மேல் கிடைக்காதபோது பின்னால் 298 கிலோ நிற்கும். அதாவது பின் பிரேக் செய்யக்கூடிய வேலை, டயரையும் தரையையும் பொறுத்து 18 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடு வரை மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த நிலையான அமைப்பும் இந்த இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தாது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஒட்டும் டயர் போடப் போட, பின் பிரேக்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

ஃப்யூஸ்

பழைய கார்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ப்ரொபோர்ஷனிங் வால்வு இருந்தது. சில வண்டிகளில் பின் ஆக்ஸில் பக்கத்தில் ஒரு கம்பியோடு, பாரத்துக்கேற்ப அசையும் வால்வாக இருக்கும். ஏபிஎஸ் வந்த பிறகு பல கார்களில் இந்த வால்வை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் இபிடி என்ற மின்னணு ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழலத் தொடங்கினாலே, பின் லைனுக்குப் போகும் அழுத்தத்தை அங்கேயே நிறுத்திவிடும். இது ஏபிஎஸ் அதிர்வு காலில் தெரிவதற்கு வெகு முன்னாலேயே நடக்கிறது. அதனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஃப்யூஸைப் பிடுங்கினால் ஏபிஎஸ்ஸோடு இதுவும் போய்விடும். முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராக வழுக்கும். டயரில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும், அவ்வளவுதான். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். 140 கி.மீ. வேகத்தில், ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியிருக்கும்போது இது நடந்தால் வண்டியைப் பிடிக்க நேரமே இருக்காது.

உங்கள் வண்டியில் இபிடி இருக்கிறதா என்று அறிய ஒரு நிமிடம் போதும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஃப்யூஸை எடுத்துவிட்டு இக்னிஷன் போடுங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் அணையாமல் எரிந்தால், பேலன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது இபிடிதான். உடனே ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

“ஏபிஎஸ் இருந்தால் நிறுத்தும் தூரம் கூடுகிறது” என்பதுதான் ஃப்யூஸ் பிடுங்குகிறவர்கள் சொல்லும் காரணம். மணலிலும் சரளையிலும் அது உண்மை. தார் ட்ராக்கில், அதுவும் மழையில், நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பார்க்கும் பெட்டியை ஒரே ஒரு பெடலை மிதிக்கும் கால் முந்துவது மிக அரிது. ஃபார்முலா 1-இல் 1994 முதல் ஏபிஎஸ்ஸுக்குத் தடை. அந்த வண்டிகள் தொடக்கத்திலிருந்தே அதற்கேற்ற பேலன்ஸ் பாரோடு செய்யப்பட்டவை. ஜிடி3 ரேஸ் கார்களில் இன்றும் ஏபிஎஸ் உண்டு.

ஏபிஎஸ்ஸோடு ஓட்டுவது

ஏபிஎஸ்ஸின் மேல் வரும் புகார்களில் நியாயமான ஒன்று உண்டு. நேர்பாதை முடிவில் பெடலை உதைப்பதுபோல் மிதிக்கிறீர்கள். எடை முன்னால் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய், முன் சக்கரத்தின் சுழற்சி திடீரென்று விழுகிறது. பெட்டி, தரை வழுக்குகிறது என்று முடிவுகட்டி அழுத்தத்தை வெட்டிவிடுகிறது. காலுக்குக் கீழே பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டி நிற்காது. கடித்துப் பிடிக்கும் ரேஸ் பேடோடு சாதாரண டயர் போட்ட வண்டியிலும், பிரேக் போடும் இடத்தில் மேடுபள்ளம் இருந்தாலும் இது அதிகம் வரும். இதை ‘ஐஸ் மோட்’ என்பார்கள். அந்த நொடியில் காலை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். சுவர் எதிரே வரும்போது காலை எடுக்க மனம் வராது. ஆனால் இன்னும் அழுத்தி மிதிப்பதில் ஒரு பயனும் இல்லை.

வராமல் தடுக்க, முதல் கால் நொடியில் பெடலைப் பிழிவதுபோல் மிதித்து, முன் ஸ்ப்ரிங் அமுங்கிய பிறகு முழு பலத்தையும் கொடுங்கள். ஏபிஎஸ் அதிர்வு மெலிதாகத் தொடங்கும் இடம்தான் எல்லை. அதற்கு ஒரு நூல் குறைவாகப் பிடித்துக்கொண்டு, வளைவுக்குள் ஸ்டீயரிங் திரும்புகிற அளவுக்குப் பெடலைத் தளர்த்துவதே இலக்கு. எல்லா வளைவிலும் பெடல் தடதடக்கிறதென்றால் நீங்கள் தாமதமாகப் பிரேக் போடுகிறீர்கள், அல்லது டயர் போதவில்லை.

அடுத்தது பேட். முன்பக்கம் மட்டும் ஒரு படி உயர்ந்த பேட் போட்டு, பின்னால் கம்பெனி பேடையே விடுவது ஹேட்ச்பேக்குக்கு நல்ல தொடக்கம். முன்பின் பங்கு 75:25 ஆக இருக்கும் வண்டியில், உராய்வு எண் 0.38-லிருந்து 0.48-க்குப் போனால் முன் பங்கு 79 ஆகிறது. ஒட்டும் டயருக்கு 82 வேண்டும் என்று மேலே உள்ள கணக்கு சொல்கிறது; திசை சரி. பின்னால் மட்டும் உயர்ந்த பேட் போடுவது இதற்கு நேர்மாறு, செய்யாதீர்கள். முன்பின் டயர் அளவைக் கண்டபடி மாற்றுவதும் வேண்டாம், சக்கர வேகத்தை ஒப்பிட்டுத்தான் இபிடி முடிவெடுக்கிறது. வண்டி வழுக்கிச் சுழலாமல் காக்கும் இஎஸ்பியைப் பட்டன் அழுத்தி அணைத்தாலும் பல கார்களில் அது முழுதாக அணைவதில்லை. வளைவில் தானே ஒரு சக்கரத்துக்குப் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும். பின் பேட் எதிர்பாராமல் தேய்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பிரேக் ஆயில்தான் நம் ஊருக்கே உரிய கவலை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; கடலோரத்தில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் குறிப்பார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் டாட் 5 சிலிக்கான் ஆயில். ஏபிஎஸ் வண்டியில் ஊற்றவே கூடாது. ட்ராக்குக்குப் போகும் முன் புது டாட் 4 அல்லது 5.1 மாற்றுங்கள். லைன் முழுக்கக் கழுவி ஏர் எடுக்க ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். திறந்து வைத்த பாட்டிலை அடுத்த மாதத்துக்கு வைக்காதீர்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தால், ஸ்கேனர் வைத்து அதன் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும்.

உப்புக்காற்றின் இன்னொரு வேலை துரு. பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் (ஊசி) இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், பேலன்ஸும் இடம் வலம் கெடும். சக்கர வேகத்தை அளக்க உதவும் பல்வளையம் துருவேறி உப்பினாலும் பெட்டிக்குத் தப்பான கணக்கு போகும். புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் மெதுவாக வந்து நிற்கும் கடைசி நொடியில், காரணமே இல்லாமல் பெடல் அதிர்ந்தால் அந்த வளையத்தைப் பாருங்கள்.

ட்ராக்கில் பிரேக் கைவிட்டால் காரணத்தைப் பெடலே சொல்லிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்து, கருகல் வாடையோடு பிடிப்பு மட்டும் இல்லையென்றால் பேட் சூடு தாங்கவில்லை. ஒரே ஒரு மிதியில் கல்லாகி, அடுத்ததில் சரியாக இருந்தால் அது ஐஸ் மோட்.

வால்வும் பேலன்ஸ் பாரும்

ஃபார்முலா எல்ஜிபி போன்ற ஒற்றை இருக்கை வண்டிகளுக்கும், ட்ராக்குக்கென்றே ஒதுக்கிய ஏபிஎஸ் இல்லாத பழைய கார்களுக்கும் உரியவை இவை. திருகும் வால்வு விலை குறைவு. ஆனால் பின் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே தெரியும், கூட்டாது. பெரும்பாலான முன்சக்கர ஓட்டக் கார்களில் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும்: முன் இடது, பின் வலது ஒரு சுற்று. அதில் ஒரே ஒரு வால்வை வைக்க முடியாது.

பேலன்ஸ் பாரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர். குமிழைத் திருகினால் ஒன்று குறைய மற்றது கூடும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் பெரும்பாலும் இருக்காது, காலில் பலம் வேண்டும். முழு அழுத்தத்தில் பார் சிலிண்டர்களுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்து முட்டினால் பேலன்ஸ் ஒவ்வொரு மிதிக்கும் மாறும்.

இரண்டையும் செட் செய்யும் முறை ஒன்றே. பின் பிரேக்கை முடிந்தவரை குறைத்துத் தொடங்குங்கள். டயரும் பேடும் சூடான பிறகு, மூடிய இடத்தில் 60 கி.மீ. வேகத்திலிருந்து நேராக நிறுத்துங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்கட்டும். அரைச் சுற்று அரைச் சுற்றாகப் பின்னால் கூட்டி, பின் சக்கரம் முந்தும் இடம் வந்ததும் ஒரு சுற்று திரும்பி வாருங்கள். இதைக் காய்ந்த தரையில்தான் செய்யவேண்டும். மழையில் செட் செய்து வெயிலில் ஓட்டினால் பின்பக்கம் முந்தும்.

ரேஸ் ஏபிஎஸ்

பாஷ் நிறுவனத்தின் எம்5 போன்றவை. தரைக்கேற்ப, டயருக்கேற்ப அளவை மாற்ற ஒரு திருகு சுவிட்ச் உண்டு. ஐஸ் மோட் தொல்லை பெரிதும் இல்லை. விலை லட்சக்கணக்கில். போட்டியில் இறங்குகிறவருக்கு நியாயமான செலவு. மாதம் ஒருமுறை ட்ராக்குக்குப் போகிறவர் அந்தப் பணத்தில் பல வருடத்துக்கு டயர் வாங்கலாம்.

எந்த வழியானாலும், நான்கைந்து வேகச் சுற்றுக்குப் பிறகு ஒரு சுற்று பிரேக் தொடாமல் ஓட்டிக் குளிரவிடுங்கள். பிட்டில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூட்டில் பேட் டிஸ்கோடு ஒட்டித் தடம் விட்டுவிடும். ஊருக்குக் கிளம்பும் முன் பேட் கனத்தையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். பேடில் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், கையோடு கொண்டுபோன கம்பெனி பேடை அங்கேயே மாற்றிவிட்டுத்தான் வண்டியை ரோட்டில் ஏற்ற வேண்டும்.