அறுபதுக்கு மேல்: பாப் கட்டா, பிக்ஸி கட்டா?

வயதாக ஆக முடியிழை மெலியும். உச்சி வகிடு அகலும். இதை மறைப்பதில், பையன்கள் கிராப் போலக் குட்டையாக வெட்டும் பிக்ஸிதான் முந்துகிறது. உச்சியில் 5 முதல் 7 செ.மீ. விட்டு, பிடரியில் ஒட்ட வெட்டினால் முடி தன் கனத்தால் படியாமல் எழும்பி நிற்கும். காதோரம் சிறு கற்றை விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முகம் கடுமையாகத் தெரியும். கையைத் தூக்கிச் சீவ முடியாத தோள்வலிக்காரர்களுக்கும் இதுவே வசதி. ஆனால் 4 முதல் 6 வாரத்துக்கொரு முறை பார்லர் போயே ஆக வேண்டும்.

கழுத்தளவில் ஒரே மட்டமாக வெட்டும் பாப் 8 வாரம் தாங்கும். கழுத்துச் சுருக்கத்தையும் ஓரளவு மறைக்கும். தாடைக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்துங்கள். சரியாகத் தாடையிலேயே முடிந்தால் தொங்கும் சதையைத்தான் எடுத்துக்காட்டும். மெல்லிய முடிக்கு லேயர் (அடுக்கடுக்காக வெட்டுவது) அதிகம் வேண்டாம், நுனி நூலாகிவிடும். சுருட்டை முடியா? காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள்; ஈரத்தில் அளந்த நீளம் காய்ந்ததும் மேலேறிவிடும்.